பராமரிப்பா, பங்கா? பங்கே வேண்டும்!

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அண்ணை, எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்காமார், அண்ணன்மார், இடம் போதாமல் விறாந்தையில் நிற்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘மாற்றுவலுவுள்ளோருக்கும் மனநோயோடு வாழ்வோருக்கும் திருச்சபை இன்று முதன்மையாகக் கொடுக்க வேண்டியது பராமரிப்பா? பங்கா?’ எதிரணி பராமரிப்பு என்கிறது. அவர்கள் சொல்வது இல்லம், விசேட பாடசாலை, மருந்துச் செலவு, உலர் உணவுப் பொதி, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள். நாங்கள் பங்கு என்கிறோம். ஆலயத்துக்குள் ஓர் இடம், கையில் ஒரு வேலை, சபைக் கூட்டத்தில் ஒரு வாக்கு, ஒரு ஞாயிறு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று படலையைத் திறந்து கேட்க ஓர் ஆள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஐயா, இது நான் இந்த மேடைக்காகப் படித்துக்கொண்டு வந்த விடயம் இல்லை. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இதைச் சபையில் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். “பேரைச் சொல்லாதை அக்கா, பலகையைப் பற்றிச் சொல்லு” என்றான். பலகைக்குப் பிறகு வருகிறேன்.

அவனுக்கு நோய் வந்தபோது வயது 22. இரவில் நித்திரை இல்லை. வானொலியில் தன்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்றான். கிணற்றடியில் யாரோ நிற்கிறார்கள் என்றான். நாங்கள் என்ன செய்தோம்? அயலுக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொன்னோம். படித்துப் படித்து மூளை களைத்துப்போய்விட்டது என்று அம்மா சொன்னார். ஏன் மறைத்தோம் என்றால், எங்கள் ஊரில் ‘விசர்’ என்ற சொல் அவ்வளவு மலிவு. மழை பெய்தால் விசர் மழை, பஸ் பிந்தினால் விசர் பஸ், பிள்ளை குழப்படி செய்தால் உனக்கென்ன விசரா. கொஞ்சம் கோபம் வந்தால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும் என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் ஒருநாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோதுதான், அதைச் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் எனக்கு நினைவுக்கு வந்தது.

எட்டு வருடம் என் தம்பியின் பெயர் எங்கள் ஆலயத்து மன்றாட்டுப் பட்டியலில் இருந்தது. ஞாயிறுதோறும் வாசிப்பார்கள். நீரிழிவுக்காரர் ஒருவரின் பெயருக்கும் இடுப்பெலும்பு முறிந்த ஓர் ஆச்சியின் பெயருக்கும் நடுவில் அவன் பெயர் வரும். அந்த எட்டு வருடத்தில் அவன் ஆலயத்துக்குள் வந்த நாட்களை என் இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். நத்தாருக்கு ஒரு பொதி வரும். அரிசி, சீனி, பருப்பு, தேயிலை. கொண்டுவருகிறவர்கள் படலையடியில் நின்று அம்மாவிடம் கொடுப்பார்கள். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடியுங்கள் என்றால், பிறகு வருகிறோம் என்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்ட வீடு எங்கள் வீடு. அது உண்மையாகவே உதவியது. ஆனால் ஒரு நத்தாருக்கு அவன் அறைக்குள் இருந்து கேட்டான்: “அக்கா, அவை என்னைப் பாக்க வந்தவையோ, அம்மாவைப் பாக்க வந்தவையோ?”

எதிரணி நண்பர்களே, நீங்கள் சொல்லும் பராமரிப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆனால் படலை வரைக்கும்தான் வந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. ஒரு செபக் கூட்டம். எந்த இடம், யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை, இப்போது அது தேவையும் இல்லை. அங்கே என் தம்பியின் தலையில் கைவைத்து உரத்துச் செபித்தார்கள். இது நோயில்லை, பிசாசின் கட்டு என்றார்கள். குளிசையை நம்புகிறவன் கர்த்தரை நம்பவில்லை என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதனால்தான் அம்மா நம்பினார். குளிசை நின்றது. முதல் கிழமை அவன் உசாராக இருந்தான், நடுக்கம் குறைந்தது, எங்களுக்குச் சந்தோசம். மூன்றாம் கிழமை நித்திரை போனது. ஐந்தாம் கிழமை ஒரு விடியற்காலை, வெறுங்காலோடு வல்லை வெளியில் நடந்துகொண்டிருந்தவனை மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். மறுபடி வாட், மறுபடி ஊசி, மறுபடி முதலில் இருந்து.

செபத்துக்கு எதிராக நான் பேசவில்லை ஐயா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரவுச் செபம் உண்டு, தம்பிதான் முடித்துவைப்பான். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கும்: இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் அந்த இடத்திலேயே முடித்துவிட்டார். இரண்டாயிரம் வருடம் கழித்தும் நாங்கள் அதே கேள்வியை எங்கள் தாய்மாரிடம் கேட்கிறோம். மருந்தும் செபமும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. தெல்லிப்பழை மனநலக் கிளினிக் கொப்பியும் வேதப் புத்தகமும் எங்கள் வீட்டில் ஒரே இறாக்கையில்தான் இருக்கின்றன.

சரி, பலகை.

எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு பாட்டு இலக்கப் பலகை தொங்குகிறது. கறுத்த மரம், அதில் வரிசை வரிசையாகத் தவாளிப்பு. அன்றைய பாட்டுகளின் இலக்கங்களை மட்டை மட்டையாக அதில் செருக வேண்டும். ஆலயத்தைத் திறந்து, கூட்டி, மணி அடிக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஏணியில் ஏற முழங்கால் விடவில்லை. அவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பொதி எதுவும் கொண்டுவரவில்லை. நேரே அறை வாசலுக்குப் போய், “தம்பி, எனக்கு ஏற ஏலாமல் கிடக்கு. நம்பர் போட்டுத்தாறியோ?” என்று கேட்டார்.

எட்டு வருடத்தில் என் தம்பியிடம் யாரும் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் போனான். மருந்தால் வரும் நடுக்கம் அவன் கையில் உண்டு. மட்டையைச் செருகப் போனால் அது மரத்தில் தட்டித் தட்டி நிற்கும். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணித்தியாலம் எடுத்தான். ஐயா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவும் இல்லை, வாங்கித் தான் செய்யவும் இல்லை. அடுத்த சனியும் போனான். அதற்கடுத்த சனி அவனே நேரத்தைப் பார்த்துச் சட்டையை மாற்றினான்.

ஒரு ஞாயிறு ஒரு பிழை நடந்தது. ஆறு என்ற மட்டையைத் தலைகீழாகச் செருகினால் ஒன்பது ஆகிவிடும் அல்லவா? அப்படித்தான் ஆனது. போதகர் பாட்டு இலக்கத்தைச் சொல்லப் போனவர் பலகையைப் பார்த்தார். சபையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. எனக்கு நெஞ்சு இடித்தது. போதகர் தன் கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, பலகையில் இருந்த இலக்கத்தைச் சொல்லி, “பாடுவோம்” என்றார். ஓகன் வாசிக்கிற பிள்ளை அவசரமாகப் பக்கம் புரட்டியது. பாடினோம். அவ்வளவுதான். ஆராதனை குழம்பவில்லை.

இதை ஏன் சொன்னேன் என்றால், எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணை மிகவும் நிதானமாக ஒரு கருத்து வைத்தார். “ஆலயம் எல்லோருக்கும் உரிய இடம், ஒருவர் சத்தம் போட்டால் இருநூறு பேரின் வழிபாடு கெடும், ஆகவே அவர்களுக்கென்று தனியான, அமைதியான இடத்தில் பக்குவமாகப் பார்ப்பதுதான் அன்பு” என்றார். அண்ணை, நீங்களே சொன்ன அந்த இருநூறை வைத்தே ஒரு கணக்குப் பார்ப்போம். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி எங்கள் நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதமானோர் ஏதோ ஒரு வகையில் செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்கிறார்கள். இருநூறு பேர் உள்ள சபையில் அது 17 பேர். இனி மனதுக்கு வருவோம். 2009இல் போர் முடிந்த சில மாதங்களுக்குள் இதே யாழ் மாவட்டத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. கேட்கப்பட்டவர்களில் 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகள். அந்தக் காலத்தில் எந்த ஆலயத்தில் இருநூறு பேர் கூடியிருந்தாலும் அதில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உள்ளுக்குள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று இதற்கு அர்த்தம். அவர்கள் சத்தம் போடவில்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடாமல் இருந்தார்கள். தனியான இடத்தில் வைத்துப் பார்ப்பதென்றால், அண்ணை, எத்தனை பேரை எடுத்து எங்கே வைப்பீர்கள்? சபையே அவர்கள்தானே.

எதிரணித் தலைவர் அக்கா வரலாற்றைச் சொன்னார். அழகாகச் சொன்னார், எனக்கும் பெருமைதான். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் இல்லாவிட்டால், கைதடியில் நவீல்ட் பாடசாலை இல்லாவிட்டால் எங்கள் நிலை என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்க மிஷனரி வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். அவர் விரும்பியிருந்தால் காலமெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம், அவர்களும் கும்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். அவர் என்ன செய்தார்? தமிழ் படித்தார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். எங்கள் பெடியன்களுக்கு எங்கள் மொழியிலேயே உடற்கூற்றியல் சொல்லிக் கொடுத்தார். 1873இல் அவர் திரும்பிப் போனபோது, அவரிடம் படித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவர்களாகியிருந்தார்கள். நோயாளியாக வாசலில் நின்ற ஊரை மருத்துவராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். அக்கா, கிறீன் வைத்தியரை நீங்கள் பராமரிப்புக்குச் சாட்சியாக அழைத்தீர்கள். நான் அவரை எங்கள் பக்கத்துக்குக் கூப்பிடுகிறேன்.

நவீல்ட் பாடசாலை 1956 முதல் கைதடியில் நடக்கிறது. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருச்சபை கொடுத்த பெரிய கொடை அது. பேச்சு வராத ஒரு பிள்ளை அங்கே போய்ச் சைகை மொழி கற்று, தன் மனதில் இருப்பதை முதன்முதலில் இன்னொருவருக்கு விளங்கச் சொல்லும் நாளை நினைத்துப் பாருங்கள். அதை யார் குறைத்துப் பேச முடியும்? ஆனால் அந்தப் பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஆலயத்துக்கு வருகிறது. அங்கே சைகை மொழியில் ஒரு சொல் தெரிந்தவர் யார்? ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியைக்குத் தெரியுமா? திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வைக்கும்போது, இது உனக்காக என்று சைகையால் சொல்ல ஒருவர் உண்டா? பாடசாலை அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியைக் கொடுத்து அனுப்புகிறது. நாங்கள் அதில் ‘வா’ என்ற ஒற்றைச் சொல்லைக்கூடப் படித்து வைக்கவில்லை. இல்லத்தையும் பாடசாலையையும் கட்டிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குப் பயம் அங்கேதான். பராமரிப்பு எவ்வளவுக்கு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்குச் சபை கையைக் கழுவிக்கொள்ள வசதியாகிவிடுகிறது.

இதற்கு ஒரு பழைய சாட்சி பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. கேல் என்று ஒரு சிற்றூர். அங்கே மனநோயாளரின் காவலராகப் போற்றப்படும் புனித டிம்ப்னாவின் ஆலயம். மனநோயாளரை உறவினர்கள் யாத்திரையாக அங்கே கொண்டுவருவார்கள். ஆலயத்தோடு ஒட்டி ஒரு நோயாளர் மனையைக் கட்டினார்கள், அதாவது எதிரணி சொல்வதைத்தான் முதலில் செய்தார்கள். கூட்டம் கூடி அது நிரம்பி வழிந்தது. இடமில்லாமல்தான் ஊரவர்கள் தங்கள் தங்கள் வீடுகளுக்குள் அழைத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் வயலில் வேலை செய்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், அதே மேசையில் சாப்பிட்டார்கள். நோயாளி என்றுகூட ஊரவர்கள் அவர்களை அழைப்பதில்லை, வீட்டில் தங்கியிருப்பவர் என்றுதான் சொல்வார்கள். 1930களின் இறுதியில் 3,700 பேருக்கு மேல் அந்தச் சிற்றூரின் வீடுகளில் வாழ்ந்தார்கள். நூற்றாண்டுகள் கடந்து இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. பின்னாளில் மருத்துவமனையும் வந்தது, மருந்தும் வந்தது, வைத்தியர்கள் மேற்பார்வை செய்கிறார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையை அவர்கள் கைவிடவில்லை.

அடுத்து, எதிரணியின் பலமான வாதம். அதை மழுப்ப மாட்டேன். “பயிற்சி இல்லாதவர்கள் கையில் இதைக் கொடுத்தால் ஆபத்து, நீங்களே சொன்ன செபக் கூட்டம் அதற்கு உதாரணம் ஆகிவிடும்” என்று அக்கா சொல்வார் என்று தெரியும். உண்மைதான், ஆபத்து உண்டு. அதற்கு மருந்து ஒதுங்கிப் போவதா, பழகிக்கொள்வதா? போர்க்காலத்தில் இந்த மண்ணில் மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அப்போது என்ன செய்தார்கள்? வைத்தியர் வரும்வரை இருங்கள் என்று சனத்திடம் சொல்லவில்லை. ஆசிரியர்களுக்கும் கிராம மட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எப்போது வைத்தியரிடம் அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாடசாலை ஆசிரியருக்கு முடிந்தது ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியைக்கு முடியாதா? பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு முடியாதா? தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்படாமல், பக்கத்தில் இருந்து பக்குவமாகக் கேட்கலாம் என்பதைப் பழக எவ்வளவு நேரம் செல்லும்? 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை ஆலய அறிவித்தல் பலகையில் எழுதி வைக்க ஒரு வெண்கட்டி போதும்.

என் தம்பிக்கு ஏணியைப் பிடித்த ஐயா எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல. ஆனால் அவர் வைத்தியம் பார்க்கவும் முயலவில்லை, அதைக் கவனியுங்கள். குளிசையை நிறுத்து என்று சொல்லவில்லை. குளிசை போட்டாயா என்று ஒவ்வொரு சனியும் விசாரிக்கவும் இல்லை. அது அம்மாவின் வேலை, வைத்தியரின் வேலை. அவர் கேட்டது நம்பர் போட்டாயா என்பது மட்டும்தான். சபைக்கு உரிய வேலையை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆலய வாசற்படி விடயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பெரிய வாதம் தேவையில்லை. மாற்றுவலுவுள்ளோர் உரிமைக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் நுழைவதற்கான வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுவலுவுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. எங்கள் ஆலயத்து வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்கான கணக்கு. ஆகப் பதினெட்டு அடி கொங்கிறீற்று. மணிக் கோபுரத்துக்கு வண்ணம் பூசச் சேர்த்த காசில் அதைச் செய்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. கண்ணிவெடியில் காலை இழந்த எத்தனையோ பேர் அந்தக் காலோடு வயலுக்குப் போகிறார்கள், கடைக்குப் போகிறார்கள். ஆலயத்துக்குள் மட்டும் யாராவது கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்ற வேண்டும் என்றால், அவர்களுக்கு இல்லாதது கால் அல்ல, எங்களுக்குத்தான் வழி இல்லை.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்த கதையைச் சொல்லி, “சுமந்தார்களே, அதுதான் பராமரிப்பு” என்று எதிரணித் தம்பி கைதட்டல் வாங்கினார். நல்லாய்ச் சொன்னீர்கள் தம்பி. ஆனால் அவர்கள் ஏன் கூரைக்கு ஏறினார்கள்? வாசலை அடைத்துக்கொண்டு நின்றது யார்? ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க வந்த பக்தியான சனம். திரும்பிப் பார்த்து ஓர் அடி விலகியிருந்தால் கூரை தப்பியிருக்கும். அந்த நான்கு பேரும் அவனை வெளித் திண்ணையில் கிடத்தி, கூட்டம் முடிந்து ஆண்டவர் வரும்போது பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவர்கள் கூரையைப் பிரித்து அவனைக் கூட்டத்தின் நடுவில் இறக்கினார்கள். நடுவில் ஐயா! ஓரத்தில் அல்ல.

எலியாவை நினைத்துக்கொள்வோம். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட மனிதன். கடவுள் அவனைக் கண்டிக்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி நித்திரை கொள்ள விட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பார், முதலில் வந்தது பராமரிப்புத்தானே என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். பசித்தவனுக்கு முதலில் அடைதான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஓரேப் மலையில் கடவுள் அவனிடம் நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். இரண்டு தரம் கேட்டார். அவன் மனதில் இருந்ததையெல்லாம் இரண்டு தரமும் சொல்ல விட்டார். பிறகு அவனுக்கு வேலை கொடுத்தார்: போ, இன்னாரை அபிஷேகம் பண்ணு. கூடவே எலிசாவையும் கொடுத்தார். சாகக் கேட்டவனை ஓய்வுபெற்ற தீர்க்கதரிசியாக்கி ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை. நாங்கள் எங்கள் எலியாக்களுக்கு அடையைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, மலை வரைக்கும் கூட நடக்காமல் திரும்பிவிடுகிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, விளங்குகிறது. ஒரேயொரு விடயம் மட்டும்.

எதிரணி அக்கா கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இறங்கினால் அது நேர்மையாகாது. “பெற்றோருக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்குத்தான் இல்லம் வேண்டும்” என்றார். அவர் அதைச் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு தாய்மார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன். இல்லம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பார்க்க ஆளில்லாத பிள்ளைக்குக் கூரை வேண்டும், சமைத்துப் போடக் கை வேண்டும், இரவில் வலிப்பு வந்தால் எழுந்து வர ஆள் வேண்டும். ஆனால் அம்மா, அந்த இல்லத்து வாசலில் ஞாயிறு காலை ஒரு வான் வந்து நிற்குமா? உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போக அதில் யாராவது இருப்பார்களா? பிள்ளையைத் தெரிந்த சபை ஒன்று இருந்தால்தான் இருப்பார்கள். இருபது வயதில், முப்பது வயதில், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு ஆலயத்தில் ஒரு வேலை இருந்திருந்தால், நீங்கள் போன பிறகும் அதைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

போன மாதம் எங்கள் அம்மாவுக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியால் வந்து படுத்திருந்தவரைப் பார்க்க அந்த மணி அடிக்கிற ஐயா வந்தார். இந்த முறை விறாந்தையைத் தாண்டி, உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அவரிடம் கேட்டார், எனக்கும் தம்பிக்கும் முன்னாலேயே கேட்டார்: “எனக்கு ஏதும் நடந்தால் இவனை ஆர் விசாரிக்கிறது?”

ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இவன் வராட்டில் பலகை வெறுமையாய்க் கிடக்கும் பிள்ளை. ஞாயிறு முழுச் சபையும் அதைத்தானே பாக்கும். அண்டைக்கே ஆள் வரும்.”

தம்பி பக்கத்தில் நின்று, “ஐஞ்சு மணிக்கு அக்கா கூட்டிக்கொண்டு போனால் நான் பிந்திப்போவன், நாலுக்குத்தான் போக வேணும்” என்றான்.

நடுவர் ஐயா, பங்கே என்று தீர்ப்புத் தரும்படி கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.